பேருந்தின் சராசரிப் பார்வை

நகரப் பேருந்துக் கழகத்தில் கடந்த முப்பத்தோரு ஆண்டுகளில் ஒரே ஒரு ஓட்டுநருக்குக்கூடப் பார்வை மங்கியதில்லை. மூட்டு தேய்ந்திருக்கிறது, முதுகு பிடித்திருக்கிறது, காது அடைத்திருக்கிறது, இரண்டு பேரை மனைவி விட்டுப் போயிருக்கிறாள். கண் மட்டும் யாருக்கும் கெடவில்லை. கழகத்தின் பார்வைத் தகுதி வாரியம் இதைத் தன் சாதனை என்று சொல்லிக்கொள்ளும். வாரிய அலுவலக வாசலில் 'குறை: 0' என்று ஆளுயரத்துக்கு ஒரு பலகை இருக்கிறது. ஆண்டுதோறும் அந்தப் பூஜ்யத்துக்கு மட்டும் புது வண்ணம் அடிப்பார்கள்.

சாதனையின் ரகசியம் ரொம்ப எளிது. வாரியத்துச் சுவரில் தொங்குகிற எழுத்து அட்டை, முப்பத்தோரு ஆண்டுகளாக அதே அட்டை. வேலைக்குச் சேருகிற ஒவ்வொருவருக்கும் முதல் நாள் சீருடைக்கு அளவெடுப்பார்கள். கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போதே பக்கத்தில் நிற்கிற மூத்த ஓட்டுநர் 'ட, ப, ம, ய, ர, ந' என்று ஆரம்பித்து எட்டு வரியையும் சொல்லிக் கொடுத்துவிடுவார். அதற்குப் பிறகு தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அவன் சொல்லுவான். இதை யாரும் ஏமாற்று வேலை என்று நினைக்கவில்லை. கியர் போடுவது, ஹாரன் அடிப்பது மாதிரி அதுவும் ஒரு தொழில் பாடம், அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட கழகத்தில் 'எனக்குக் கண் தெரியவில்லை' என்று உண்மையைச் சொல்லப் போய் மாட்டிக்கொண்ட முதல் ஆள் பதினேழார். பதினேழாம் தடத்தில் இருபத்தாறு வருஷமாக ஓட்டுவதால் டெப்போவில் எல்லோருக்கும் அவர் பதினேழார்தான்.

ஆரம்பம் வீட்டு ஜன்னலில். அவர் மனைவி சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். துணியின் நிறத்தில் அவளை யாரும் ஏமாற்ற முடியாது. புதுசாக ஒரு திரைச்சீலை வாங்கி மாட்டிவிட்டு, "நீலம் எப்படி இருக்கு?" என்று கேட்டாள். பதினேழார் பார்த்துவிட்டு, "சாம்பல் கலர்ல வாங்கிட்டு நீலம்ங்கறியே" என்றார். அவள் திரையைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். அவள் ஒன்றும் சொல்லாமல் போனால் விஷயம் பெரிது என்று அவருக்குத் தெரியும்.

உண்மையில் அவருக்கு ஒரு வருஷமாகவே தெரியும். கண்ணாடியை இரண்டு தடவை மாற்றியாகிவிட்டது. சாயங்கால வெயில் எதிரே அடித்தால் சாலை முழுக்க ஒரே வெளிச்சக் குழம்பாகிவிடும். அதற்குள் எது மனிதன், எது கம்பம் என்று பிரித்தெடுக்க வேண்டும். அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தவள் கண்டக்டர். வாய்த்துடுக்கான பெண், ஆனால் அண்ணன் என்றால் உயிர். பின்பக்கம் டிக்கெட் கொடுத்துக்கொண்டே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு முன்னால் பார்ப்பாள். "அண்ணே, இடது பக்கம் சைக்கிள்", "அண்ணே, சிவப்பு விழுந்திருச்சு", "அண்ணே, அது ஆளில்ல, தபால் பெட்டி, போங்க." பயணிகள் அதை அண்ணன் தங்கை பாசம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஒருநாள் பள்ளிக்கூடச் சந்திப்பில் அவள் யாருக்கோ சில்லறை தேடிக் குனிந்த நேரம். நிமிர்ந்தவள் "அண்ணே!" என்று போட்ட கூச்சலில் பதினேழார் பிரேக்கை மிதித்தார். பஸ் நின்றது. முன் பம்பருக்கு ஒரு சாண் தள்ளி, சாம்பல் நிறக் கோட்டு போட்ட ஒரு பெண், குழந்தை வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளை அவர் பார்க்கவே இல்லை. குழந்தை வண்டியையும் பார்க்கவில்லை. கூச்சலைக் கேட்டுத்தான் மிதித்தார். அந்தப் பெண் திட்டவில்லை. பஸ்ஸின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனாள். அன்றைக்கு முழுக்க ஒவ்வொரு சந்திப்பிலும் பதினேழார் பஸ்ஸை நிறுத்தி, கண்டக்டர் 'போங்க' என்ற பிறகே எடுத்தார்.

மறுநாள் கண்டக்டரே அவரைத் தெருமுனையிலிருந்த கண் மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டரம்மா கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தாள்.

"ரெண்டு கண்ணுலயும் புரை இருக்குங்க."

"மேல படர்ந்திருக்கா? சொட்டு மருந்து விட்டாக் கரைஞ்சிருமா?"

"மேல படர்றது இல்லைங்க. கண்ணுக்குள்ள, கண்பாப்பாவுக்குப் பின்னாடி ஒரு லென்ஸ் இருக்கு. வயசாக ஆக அதுவே கலங்கிப் போகுது. உங்க பஸ் முன் கண்ணாடி, கண்ணாடியோட உள்ளுக்குள்ளயே மங்கிப் போனா வைப்பர் போட்டு என்ன பிரயோஜனம்? மாத்தத்தான் வேணும். இதுவும் அப்படித்தான். கலங்கின லென்ஸை எடுத்துட்டு வேற வைக்கணும். ஒரு கண்ணுக்கு அரை மணி நேரம் ஆகாது. சொட்டு மருந்து, கண்ணாடி எதுவும் இதைச் சரி பண்ணாது. சிகரெட் உண்டா?"

"ஒரு நாளைக்கு ஆறு."

"அதை விடுங்க. சர்க்கரையைப் பார்த்துக்கங்க. வெயில்ல கறுப்புக் கண்ணாடி போடுங்க. இதெல்லாம் நல்லதுதான், ஆனா வந்த புரையைப் போக்காது. ஆபரேஷன் முடிஞ்சு நான் சொல்ற வரைக்கும் வண்டி ஓட்டாதீங்க."

அந்தக் கடைசி வாக்கியம்தான் வினை. கழகத்தின் விதி நாற்பத்தொன்று சொல்கிறது: ஓட்டுநரின் கண், பணிக்காலத்தில் கழகத்தின் தளவாடம். வாரியம் 'குறை' என்று சான்று தராமல் விடுப்பு கிடையாது. சான்று இல்லாமல் அறுவை செய்துகொண்டால், கழகத்துக்குச் சொந்தமான பாகத்தில் அனுமதியின்றி மாற்றம் செய்ததாக வேலை போகும். முப்பத்தோரு ஆண்டுகளாக வாரியம் அப்படி ஒரு சான்றைக் கொடுத்ததில்லை. அதற்கான படிவம் எந்த அலமாரியில் இருக்கிறது என்றுகூட யாருக்கும் தெரியாது.

பதினேழார் வாரியத்துக்குப் போனார். பரிசோதகர் தடித்த மூக்குக் கண்ணாடிக்குள்ளிருந்து அவர் நின்ற திசைக்குக் கொஞ்சம் பக்கவாட்டில் பார்த்துப் பேசினார்.

"என்ன விஷயம்?"

"கண்ணு தெரியலைங்க."

"யாருக்கு?"

"எனக்குத்தாங்க."

பரிசோதகர் பதினேழாரை அடையாளக் கோட்டில் நிறுத்தினார். "மூணாவது வரி" என்றார். பதினேழார் வாயை இறுக்கி மூடிக்கொள்ளத்தான் பார்த்தார். ஆனால் இருபத்தாறு வருஷப் பழக்கம். 'மூணாவது வரி' என்ற சொல் காதில் விழுந்ததும் வாய் தன்பாட்டுக்கு ஒப்பித்துவிட்டது. நான்கு, ஐந்து, கடைசி வரி வரைக்கும் ஒரு எழுத்து பிசகவில்லை.

"ஐயா, இது மனப்பாடம். அட்டை எனக்குத் தெரியல."

"தெரியாமலே இவ்வளவு சரியாச் சொல்றீங்கன்னா, தெரிஞ்சா எப்படிச் சொல்லுவீங்க" என்று பரிசோதகர் வியந்து, 'மிக நன்று' என்று எழுதினார்.

அடுத்த வாரம் பதினேழார் வாயில் கைக்குட்டையைத் திணித்துக்கொண்டு போகலாமா என்றுகூட யோசித்தார். மனைவிதான் தடுத்தாள். "பொய் சொல்றவன்தான் வாயை மூடணும். நீங்க உண்மையைத்தானே சொல்றீங்க, வாயைத் திறந்தே சொல்லுங்க" என்றாள். கண்டக்டரும் கூட வந்தாள். உள்ளே நுழைந்ததும் அவள்தான் கண்டுபிடித்தாள். சுவரில் அட்டையே இல்லை. சட்டம் உடைந்து தச்சரிடம் போயிருந்தது. ஆணி மட்டும் இருந்தது.

"சார், அட்டை இல்லையே" என்றாள்.

"சுவர் இருக்குல்ல?" என்றார் பரிசோதகர். "மூணு வாரமா இப்படித்தான் நடக்குது. போன வாரம் இவர் வாசிச்சதும் இப்படித்தான். நூத்து நாப்பது பேர் வாசிச்சிட்டுப் போயிருக்காங்க. உங்க அண்ணனுக்கு மட்டும் அட்டை கேக்குதா?"

பதினேழார் வெறும் சுவரைப் பார்த்து, "எனக்கு ஒண்ணும் தெரியலைங்க" என்றார். முப்பத்தோரு ஆண்டுகளில் அந்தச் சுவரைப் பார்த்து ஒருவர் சொன்ன முதல் உண்மையான பதில் அது. பரிசோதகர் பேனாவை வைத்தார். இப்படி ஒரு பதிலுக்குப் பதிவேட்டில் கட்டமே இல்லை. ரொம்ப யோசித்து, 'தாழ்ந்த குரலில் வாசித்தார்' என்று எழுதி முத்திரை குத்தினார்.

கண்டக்டர் விடவில்லை. மேல்முறையீடு எழுதினாள். அதனால் பதினேழார் வாரியக் குழுவின் முன்னால் நின்றார். நீள மேசை, மூன்று நாற்காலி. நடுவில் தலைவர், இரண்டு பக்கமும் ஒவ்வொரு உறுப்பினர். தலைவர் கருணையான மனிதர். யாரையும் கோபித்துப் பேசமாட்டார், பேசி முடிக்கவும் மாட்டார்.

"தம்பி, நீங்க உங்க கண்ணை மட்டும் தனியாப் பார்க்கறீங்க. அது சுயநலம். வாரியம் பஸ்ஸோட கண்ணைப் பார்க்குது. பஸ்ல நீங்க இருக்கீங்க, கண்டக்டர் இருக்காங்க. மொத்தம் எத்தனை கண்ணு? நாலு. இந்தம்மா கண்ணு ரெண்டும் முழுசு. உங்களோடது ஒவ்வொண்ணும் கால்பங்குன்னு வைங்க. சராசரி போட்டா அறுபத்திரண்டரை விழுக்காடு. தேர்ச்சிக்கு முப்பத்தஞ்சு போதும். இதுல பயணிகளோட கண்ணைச் சேர்க்கவே இல்ல. நெரிசல் நேரத்துல உங்க பஸ்ஸுக்குப் பார்வை தொண்ணூறைத் தொடும். ஊர்லயே கூர்மையான பஸ் உங்களோடதுதான்."

"அப்ப காலி பஸ்ஸை டெப்போவுக்குக் கொண்டு போறப்ப, சார்?" என்றாள் கண்டக்டர்.

"அப்ப உள்ளே யாருமே இல்லையேம்மா. யாருக்கு ஆபத்து?"

"ரோட்டுல நடக்கறவங்களுக்கு?"

"அவங்களுக்கும் கண்ணு இருக்குல்ல? அதையும் சராசரியில சேர்த்துக்கலாம்" என்று தலைவர் பெருந்தன்மையோடு சொன்னார்.

பதினேழாருக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது. "ஐயா, அன்னைக்கு ஒரு பொண்ணு, குழந்தை வண்டியோட. ஒரு சாண்தான். நான் பார்க்கவே இல்லைங்க" என்றார்.

"ஆனா மோதலையே" என்றார் இடது பக்க உறுப்பினர். "பார்க்காமலே நிறுத்தியிருக்கீங்க. அதுதான் அனுபவம்."

வலது பக்க உறுப்பினர் அதுவரை விதிப் புத்தகத்தை மூக்குக்கு இரண்டு அங்குலத்தில் பிடித்துத் தடவிக்கொண்டிருந்தார். அவர் தலை நிமிர்ந்தார். "புரைன்னா முத்தணும். முத்தாததை எடுக்கறதுக்கு விதி இடம் கொடுக்கல."

"டாக்டரம்மா அதெல்லாம் அந்தக் காலத்துப் பேச்சுங்கறாங்க. இப்ப முத்த விட்டாத்தான் எடுக்கறது கஷ்டமாம். வேலைக்கு இடைஞ்சலா இருந்தாலே எடுத்துரலாமாம்" என்றார் பதினேழார்.

"நம்ம விதி அந்தக் காலத்துல எழுதினதுதானே. அது சொல்றதைத்தான் நாம கேக்கணும்."

"சரிங்க. முத்திடுச்சுன்னு எப்படித் தெரியும்?"

மூன்று பேரும் தலையைச் சேர்த்து வைத்துப் பேசிக்கொண்டார்கள். பிறகு தலைவர் சொன்னார்: "முதல் விபத்து நடக்கற தேதியிலேர்ந்து முத்தினதா எடுத்துக்குவோம். அதுக்கு முன்னாடி விண்ணப்பிக்கறது அவசரப்படறது."

கண்டக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பதினேழார் அவள் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். இல்லாவிட்டால் அன்றைக்கே முதல் விபத்து அந்த அறையிலேயே நடந்திருக்கும்.

பத்து நாள் கழித்து வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. மனைவி படித்துக் காட்டினாள். இருபத்தாறு ஆண்டுகளில் எல்லாப் பரிசோதனையிலும் தேறியவர், வெறும் சுவரிலேயே அட்டையை வாசிக்க வல்லவர் என்பதால் பதினேழாருக்குக் கூர்விழி விருது. விழா நாளில் வாரியக் குழுவையும் பொதுமக்களையும் விருதாளரே தன் பஸ்ஸில் விழா மண்டபத்துக்கு அழைத்து வரவேண்டும். மனைவி கடிதத்தை மடித்தாள். "குழுவே ஏறுதுல்ல. அவங்க உட்கார்ந்து வந்தாத் தெரிஞ்சிரும்" என்றாள். பதினேழாருக்கும் அந்த நம்பிக்கை பிறந்தது. ஒரு தடவை உட்கார்ந்து பார்க்கட்டும், சான்று தானாக வந்துவிடும்.

விழா நாளில் டெப்போ வாசலில் பஸ் நின்றது. முதல் இரண்டு வரிசை இருக்கைகளுக்கு வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். பின்னால் நாற்பது பயணிகள், இலவசப் பயணம் என்பதால் நின்றுகொண்டும் சிலர். தலைவர் படியில் நின்று பேசினார். "ஓட்டுநரின் கண்ணை நான் நம்புகிறேன். என் உயிரை இந்தக் கண்ணிடம் ஒப்படைக்க எனக்குத் தயக்கமில்லை. இன்று மட்டுமல்ல, என்றும்." கைதட்டினார்கள். தலைவர் ஏறி உட்கார்ந்தார். உறுப்பினர்களும் உட்கார்ந்தார்கள். பதினேழார் சாவியைப் போட்டார். இன்ஜின் உறுமியது.

தலைவர் முன்னால் குனிந்து தணிந்த குரலில் கேட்டார். "தம்பி, இந்த ரூட்டுல எதிர் வெயில் அடிக்குமா?"

"பாலத்துல ஏறினதும் நேரா முகத்துல அடிக்குங்க."

"அடிச்சா?"

"ஒண்ணும் தெரியாதுங்க. விண்ணப்பத்துல எழுதியிருந்ததே."

வலது பக்க உறுப்பினருக்கு அலுவலகத்தில் கோப்பு ஒன்றை மறந்து வைத்தது ஞாபகம் வந்தது. அவர் இறங்கினார். இடது பக்க உறுப்பினர் அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று காட்டுவதற்காக அவர் பின்னாலேயே இறங்கினார். தலைவர் இரண்டு பக்கமும் காலியான இருக்கைகளைப் பார்த்தார். பிறகு எழுந்து துண்டைச் சரிசெய்துகொண்டார்.

"நெறிமுறைப்படி தலைவர் ஊர்வலத்துக்குப் பின்னாடிதான் வரணும். நான் கார்ல வர்றேன். நீங்க பொதுமக்களைக் கூட்டிக்கிட்டு முன்னாடி போங்க."

அந்த நிமிஷம் பதினேழாருக்கு எல்லாம் பளிச்சென்று விளங்கிவிட்டது. இவர்களுக்குத் தெரியும். முதல் நாளிலிருந்தே தெரியும். அட்டை ஒன்றும் அவர்களை ஏமாற்றவில்லை. அவருக்குக் கோபம் வந்தது. இன்ஜினை நிறுத்தினார். எழுந்து பயணிகள் பக்கம் திரும்பினார். முகம் எதுவும் தெளிவாகத் தெரியவில்லை, நாற்பது மங்கலான வட்டங்கள்.

"எல்லாரும் இறங்கிடுங்க. எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. நான் ஓட்டினா உங்களுக்கு ஆபத்து."

"விருது வாங்கற ஆளு பேசற பேச்சா இது?" என்றார் ஒருவர். "நேத்துவரைக்கும் ஓட்டினீங்கதானே?" என்றார் இன்னொருவர்.

"ஓட்டினேன். தப்புதான்" என்றார் பதினேழார். அதைச் சொல்ல அவருக்கு ரொம்ப வெட்கமாக இருந்தது, இருந்தாலும் சொன்னார். சாவியை வெள்ளைத் துணியின் மேல் வைத்துவிட்டு இறங்கி, கண்டக்டரின் தோளைப் பிடித்துக்கொண்டு நேராக டாக்டரம்மாவிடம் நடந்தார்.

டாக்டரம்மா சொன்னபடியே அரை மணி நேரம் ஆகவில்லை. சொட்டு மருந்து விட்டு மரத்துப்போக வைத்தாள், கத்தி பட்டதுகூடத் தெரியவில்லை. ஒரு கண் முடிந்து, சில வாரம் கழித்து மறு கண். கண்ணைக் கசக்கக் கூடாது, தூசியில் நிற்கக் கூடாது, வேளை தவறாமல் மருந்து விட வேண்டும் என்றாள். மனைவி கடிகாரத்தை வைத்துக்கொண்டு விட்டாள். "நீலம்தான்" என்று அவர் திரையைப் பார்த்துச் சொன்ன அன்றைக்கு அவள் சமையலறையில் போய்க் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு வந்தாள்.

அன்றைய தபாலிலேயே கழகத்தின் உத்தரவும் வந்தது. படிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அடியில் இருந்த பொடி எழுத்துவரை பதினேழார் தானே படித்தார். அறுவை செய்துகொண்டதிலிருந்தே பார்வைக் குறைபாடு ஐயமற நிரூபணமாவதால் பணிநீக்கம். கூடவே, அவர் மூன்று மாதமாக அலைந்து கேட்ட 'குறை' சான்று, மூன்று கையெழுத்தோடு இணைக்கப்பட்டிருந்தது. பணிநீக்கம் செய்யப்பட்டவர் கழகத்தின் ஓட்டுநர் அல்ல என்பதால் வாசல் பலகையில் பூஜ்யம் பூஜ்யமாகவே இருந்தது.

டாக்டரம்மா வண்டி ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்ததும் அவர் ஒரு ரொட்டிக் கடையில் வேன் ஓட்டப் போனார். கடைக்காரர் எதிர்ச்சாரியைக் காட்டி, "அந்த போர்டுல என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டார். பதினேழார் வாசித்தார். வேலை கிடைத்தது. கடைக்காரருக்கு வாரியம் வைத்து நடத்த வசதியில்லை.

அதற்குப் பிறகு கழகத்து ஓட்டுநர்கள் ஒவ்வொருவராக அவர் வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். எல்லோரும் ஒரே மாதிரிதான் வருவார்கள். கதவு எங்கே என்று சுவரைத் தடவிக்கொண்டு வந்து, "சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்பார்கள். பிறகு டாக்டரம்மாவின் முகவரி கேட்பார்கள். பதினேழார் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுப்பார்.

ஒரு மதியம் வந்தவர் வாரியத் தலைவரின் கார் ஓட்டுநர். வாசற்படியைத் தவறவிட்டுத் தடுக்கி, பதினேழாரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கும் அதேதாண்ணே. ரெண்டு கண்ணும். நேத்து ஒரு நாய்க்குட்டி தப்பிச்சது. எனக்குப் பயமா இருக்கு."

"வண்டி எங்கே?"

"தெருமுனையில. ஐயா பின்னாடி தூங்கறார். வீட்டுக்குக் கொண்டு போகணும், வழியில பாலம் வேற."

பதினேழார் எட்டிப் பார்த்தார். கார் பாதி நடைபாதையில் ஏறி நின்றது. அவர் சாவியை வாங்கினார். அந்த ஓட்டுநரை முன் சீட்டில் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, தானே காரை எடுத்தார். எதிர் வெயில் பாலத்தில் நேராக முகத்தில் அடித்தது. கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு சைக்கிளையும் ஒவ்வொரு ஆளையும் தனித்தனியாகப் பார்த்தார்.

பாலம் இறங்கும்போது தலைவர் அரைத் தூக்கத்தில் ஒரு கண்ணைத் திறந்தார். முன்னால் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியவில்லை. அவர் கண்ணும் வாரியத்தில் தேறிய கண்தானே.

"என்னப்பா, இன்னிக்கு வண்டி குலுங்கவே இல்ல? ரொம்ப நல்லா ஓட்டற" என்றார். "அதான் சொல்றேன், நாங்க பாஸ் பண்ணின கண்ணுன்னா சும்மாவா."

சொல்லிவிட்டு நிம்மதியாக மறுபடியும் தூங்கிப்போனார்.